வாசல் வரை வந்த வங்கி: நூர்ஜஹான் பேகம் நடந்த பாதை

"பேங்கில போய்க் கேட்டா ரெண்டு கவர்மென்ட் உத்தியோகத்தர் பிணைக்கு வரணுமாம் காக்கா. எனக்காகக் கையெழுத்து வைக்க யார் வாறது?"

சில மாதங்களுக்கு முன் கல்முனை பஸாரில் உள்ள எனது புடவைக் கடைக்கு வந்த ஒரு சகோதரி இப்படிக் கேட்டார். மருதமுனையில் இரண்டு தறி வைத்திருப்பவர். கணவர் மௌத்தாகி ஏழெட்டு வருடங்கள். நூலை நான் கடனாகக் கொடுப்பேன். நெய்து முடித்த சாரங்களை அவர் எனக்கே கொண்டுவந்து தருவார். நூல் காசைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பேன். சாரத்தை என்ன விலைக்கு எடுப்பது என்பதை நான்தான் தீர்மானிப்பேன். என் வாப்பா காலத்திலிருந்து நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது. இதை யாரும் குறையாகப் பேசியதில்லை.

அந்தச் சகோதரி வங்கிக் கடன் தேடியது, நூலைத் தானே காசுக்கு வாங்கி, சாரத்தைத் தான் விரும்பிய இடத்தில் விற்பதற்காகத்தான் என்பது, அவர் எழும்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னிடமிருந்து கழர்வதற்கு என்னிடமே யோசனை கேட்டிருக்கிறார்!

அன்றிரவு, முன்னர் வாசித்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. பங்களாதேஷில் சிட்டகொங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஜோப்ரா என்றொரு கிராமம். 1976ஆம் ஆண்டில் அங்கு ஸூபியா பேகம் என்ற ஏழைப் பெண் மூங்கிலால் இருக்கைகள் பின்னிக்கொண்டிருந்தார். மூங்கில் வாங்க அவரிடம் 5 டக்கா இல்லை. வியாபாரி கடன் கொடுப்பார்; பின்னியதை அந்த வியாபாரிக்கே விற்க வேண்டும். நாள் முழுக்கப் பின்னினால் மிஞ்சுவது 50 பைசா. இதைக் கண்ட பொருளியல் பேராசிரியர் முஹம்மத் யூனுஸ், அந்தக் கிராமத்தில் இப்படி மாட்டிக்கொண்டவர்களின் பட்டியலை ஒரு மாணவி மூலம் எடுத்தார். 42 பேர். எல்லோருக்கும் தேவைப்பட்ட மொத்தத் தொகை 856 டக்கா, அன்றைய கணக்கில் 27 டொலருக்கும் குறைவு. அதைத் தன் கையிலிருந்தே கொடுத்தார். கிராமீன் வங்கியின் ஆரம்பம் அதுதான்.

ஸூபியாவின் பெயர் உலகமெங்கும் தெரியும். அவருக்கு மூங்கிலுக்குக் காசு கொடுத்த வியாபாரியின் பெயரை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அந்த இடத்தில் என் பெயரை எழுதினாலும் பெரிய பிழை வந்துவிடாது.

யூனுஸைப் பற்றி நமது பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. 2006இல் அவருக்கும் கிராமீன் வங்கிக்கும் சேர்த்து நோபல் சமாதானப் பரிசு கிடைத்ததும் எல்லோருக்கும் தெரிந்ததே. அவரோடு ஆரம்பத்திலிருந்தே நின்று, அந்த வங்கியில் பொது முகாமையாளராகவும் பிரதி முகாமைத்துவப் பணிப்பாளராகவும் உயர்ந்து, கடைசியில் அதன் தலைமைப் பொறுப்பையும் சிறிது காலம் ஏற்ற ஒரு முஸ்லிம் பெண்ணைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. அவர் பெயர் நூர்ஜஹான் பேகம். சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் வங்காள மொழி படித்தவர். கணக்கியலோ வங்கியியலோ படித்தவரல்லர் என்பதை நான் வேண்டுமென்றே குறிப்பிடுகிறேன்.

யூனுஸுக்கு முதலில் குறுக்கே நின்றது பணம் அல்ல, வீட்டு வாசல். கடன் பெறுபவர்களில் அரைவாசிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். ஆனால் ஜோப்ராவின் பெண்கள் பர்தாவைப் பேணுபவர்கள். அந்நிய ஆண் ஒருவர் வீட்டுக்குள் வந்து பேசுவது நடக்காத காரியம். எனவே அவர் வீடுகளுக்கு நடுவே உள்ள திறந்த வெளியில் நிற்பார். மாணவியாக இருந்த நூர்ஜஹான் உள்ளே போவார். பெண்கள் கேட்பதை வெளியே வந்து சொல்வார். பதிலை உள்ளே கொண்டு போவார். ஒரு நாள் மழை தூறியபோது, வெளியில் நிற்கும் மனிதர் நனைகிறாரே என்று உள்ளிருந்த பெண்கள் இரங்கி, அவருக்குக் குடை கொடுத்தனுப்பினார்களாம். உலகத்தின் மிகப் பெரிய ஏழைகள் வங்கி ஒன்று இப்படி ஒரு பெண்ணின் கால் நடையில்தான் தொடங்கியது.

அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. கட்டுப்பாடான நடுத்தரக் குடும்பம், தந்தை இல்லை. படித்து முடித்த பெண்ணுக்கு அடுத்தது கல்யாணம் என்பதே தாயின் நினைப்பு. காரியாலயத்தில் மேசைக்குப் பின்னால் இருக்கும் உத்தியோகம் என்றாலாவது பரவாயில்லை. கிராமம் கிராமமாக நடந்து திரியும் வேலையைக் குடும்பம் எப்படி ஏற்கும்? பல காலம் வீட்டாரைச் சமாளித்துக்கொண்டுதான் அவர் வேலை செய்தார். நமது ஊரிலும் கிராம சேவகர் பிரிவுகளிலும் சமுர்த்தி வேலையிலும் இருக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு இன்னும் மோசம். கிராமீனிடம் கடன் வாங்கினால் ஜனாஸா அடக்க மாட்டார்கள், கிறிஸ்தவராக மாற்றிவிடுவார்கள், கையில் பச்சை குத்துவார்கள், பெண்களைக் கடத்தி விற்றுவிடுவார்கள் என்றெல்லாம் சில ஊர்களில் கதை கட்டினார்கள். நூர்ஜஹானைப் போன்ற பெண் உத்தியோகத்தர்கள் இதற்கெல்லாம் மேடை போட்டுப் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமையும் அதே வீட்டுக்குப் போனார்கள். அதற்கடுத்த கிழமையும் போனார்கள்.

1983இல் கிராமீன் சட்டபூர்வமான வங்கியானது. ஆயிரக்கணக்கில் உத்தியோகத்தர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களைப் பயிற்றுவிக்கும் நிலையத்தின் முதல் பெண் அதிபர் நூர்ஜஹான்தான். என் பார்வையில் அவரது வாழ்க்கையின் மிகப் பெரிய வேலை இதுதான். கடன் கொடுக்கப் பணம் எங்கும் கிடைக்கும். ஏழைப் பெண்ணுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, அவளை மரியாதையாக விளித்துப் பேசத் தெரிந்த உத்தியோகத்தரை எங்கே எடுப்பது? கிராமீனில் புதிதாகச் சேர்ந்த பட்டதாரிகளை வகுப்பறையில் வைத்திருந்தது மிகக் குறைந்த காலம்தான். மீதி மாதங்கள் முழுக்கக் கிராமத்துக் கிளையில். அங்கே ஒரு ஏழைப் பெண்ணின் வாழ்க்கை வரலாற்றை அவள் வாயால் கேட்டு எழுத வேண்டும். பிறகு கிளையில் கண்ட குறைகளை எழுதிக் கொண்டுவந்து சொல்ல வேண்டும். நமது கடைகளில் புதிதாகச் சேரும் பையனிடம் "எங்கட கடையில என்ன பிழை கண்ட?" என்று கேட்கும் முதலாளி யாராவது இருக்கிறாரா? நான் கேட்டதில்லை.

கடன் கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நமக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. பிணை இல்லை, உறுதி இல்லை, அடகு இல்லை. ஒன்றையொன்று அறிந்த ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. விதிகளைப் படித்து, ஒவ்வொருவரும் தனித்தனியாக வாய்மொழிப் பரீட்சையில் தேற வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத பெண்கள் முதல் நாளிரவு தூங்காமல் துஆக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வருவார்களாம். தேறிய பிறகும் ஐவருக்கும் ஒரேயடியாகக் கடன் கிடையாது. மிக வறிய இருவருக்கே முதலில். அவர்கள் சில கிழமைகள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்த இருவருக்கு. குழுத் தலைவிக்குக் கடைசியில். நமது ஊர்ச் சங்கங்களில் தலைவருக்கு எப்போது கிடைக்கும் என்பதை வாசகர்கள் அறிவீர்கள்!

1984இல் பெண் மையத் தலைவியர் நூறு பேர் ஜோய்தேப்பூரில் ஒன்றுகூடி, தங்களுக்கென்று பதினாறு தீர்மானங்கள் எடுத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புதல், மரக்கறி நடுதல், கொதித்த நீர் குடித்தல், மலசலகூடம் அமைத்தல் என்று சாதாரண விடயங்கள்தான். ஆனால் பதினோராவது தீர்மானம் சீதனம் பற்றியது. மகனுக்கு வாங்கவும் மாட்டோம், மகளுக்குக் கொடுக்கவும் மாட்டோம் என்று கடன்காரப் பெண்கள் சேர்ந்து சொன்னார்கள். அதே காலத்தில் தொடங்கிய வீட்டுக் கடனுக்கு இன்னொரு நிபந்தனை: வீடு கட்டும் காணி பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். கணவன் தலாக் சொன்னாலும் அவள் தெருவுக்கு வரக்கூடாது என்பதற்காக. அந்த வீட்டுத் திட்டத்துக்கு 1989இல் ஆகா கான் கட்டடக்கலை விருதும் கிடைத்தது.

இங்கே ஒரு விடயத்தை யோசித்துப் பாருங்கள். நமது கரையோர ஊர்களில் வீடு ஏற்கனவே பெண்ணின் பெயரில்தான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வாப்பா பதினைந்து வருடம் மத்திய கிழக்கில் கிடக்கிறார். பங்களாதேஷ் பெண்கள் போராடிப் பெற்றது நமது பெண்களிடம் பிறப்பிலேயே இருக்கிறது எனலாம். ஆனால் அந்த வீடு கட்டிய கடனில் குடும்பமே மூழ்கியிருக்கிறது. வீட்டுக்காரியின் கையில் ஒரு கட்டு நூல் வாங்கவும் காசில்லை.

நூர்ஜஹானின் கொடைப் பணி கல்வியில் இருந்தது. கடன் பெற்ற பெண்களின் பிள்ளைகள் படிக்க வழி வேண்டும் என்று 1997இல் அமைக்கப்பட்ட கிராமீன் ஷிக்கா என்ற கல்வி நிறுவனத்தை முகாமைத்துவப் பணிப்பாளராக நீண்ட காலம் நடத்தினார். அதில் எனக்குப் பிடித்தது புலமைப்பரிசில் முறை. கொடையாளி ஒரு தொகையை ஒப்படைக்கிறார். அந்த முதலைத் தொடுவதில்லை. அதிலிருந்து வரும் வருமானத்தில் ஒரு பிள்ளை படிக்கிறது. அப்பிள்ளை படித்து முடித்ததும் அடுத்த பிள்ளை. வக்பு என்றால் என்னவென்று அறிந்த நமக்கு இது புதிதல்ல. காணியையும் தென்னையையும் பள்ளிவாசலுக்கு வக்பு செய்த நமது மூதாதையர், ஏழைப் பிள்ளையின் படிப்புக்கும் அப்படிச் செய்திருந்தால் என்று ஏங்கத் தோன்றுகிறது.

2011இல் சோதனை வந்தது. வயதெல்லை கடந்துவிட்டதாகக் கூறி மார்ச் மாதத்தில் அரசு யூனுஸைப் பதவியிலிருந்து நீக்கியது. நீதிமன்றங்களும் கைவிட, மே மாதம் அவர் விலகினார். பதில் முகாமைத்துவப் பணிப்பாளராக நூர்ஜஹான் பொறுப்பேற்றார். சில மாதங்கள்தான். ஆனால் லட்சக்கணக்கான பெண்களின் சேமிப்புப் பணம் உள்ள வங்கியில், தலைவரை வெளியேற்றிய நேரத்தில் பீதி வராமல் பார்த்துக்கொள்வது லேசான வேலையல்ல. 2024 ஜனவரி முதலாம் திகதி, கிராமீன் டெலிகொம் நிறுவனத்தின் பணிப்பாளர்கள் என்ற வகையில் யூனுஸுக்கும் அவருக்கும் மேலும் இருவருக்கும் தொழிற்சட்ட வழக்கொன்றில் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிணையில் இருந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 7ஆம் திகதி மேன்முறையீட்டில் நால்வரும் விடுதலையானார்கள். மறுநாள் அமைந்த இடைக்கால அரசில் நூர்ஜஹான் ஆலோசகராகச் சத்தியப்பிரமாணம் செய்தார். சுகாதார அமைச்சுப் பொறுப்பு கிடைத்தது. அங்கே அவருக்குப் பூமாலை மட்டும் விழவில்லை. நவம்பரில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, போராட்டத்தில் காயமடைந்த இளைஞர்கள் தங்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று அவரது வாகனத்தை மறித்தார்கள். ஏழைகளின் வாசலுக்குப் போய்ப் பழகியவருக்கும் அமைச்சுக் கதிரை வேறு வகையான இடம்தான் போலும்.

இனி, இவ்வளவு நேரமும் பொறுமையாக வாசித்துக்கொண்டிருக்கும் உலமாப் பெருமக்கள் கேட்க நினைப்பதை நானே கேட்டுவிடுகிறேன். கிராமீன் வட்டிக்குக் கடன் கொடுக்கும் வங்கிதானே?

ஆம். தொழிற் கடனுக்குக் குறைந்து செல்லும் மீதியில் 20 வீதமும், வீட்டுக் கடனுக்கு 8 வீதமும், உயர்கல்விக் கடனுக்கு 5 வீதமும் அறவிட்டது. கட்டும் வட்டி முதலைத் தாண்டக் கூடாது என்றும் விதி வைத்திருந்தது. மற்றவர்களோடு பார்க்கும்போது இது நியாயமாகத் தோன்றலாம்; ஆனால் வட்டி வட்டிதான். அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2002இல் அதே கிராமீன் வங்கி பிச்சைக்காரர்களுக்கென்று ஒரு கடன் திட்டம் தொடங்கியது. வீடு வீடாகப் போகும்போது பிஸ்கட்டோ வளையலோ கொண்டுபோய் விற்கட்டும் என்று சிறு தொகை கொடுத்தார்கள். அதற்கு வட்டியே இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள். ஆகவே வட்டியை எடுத்துவிட்டால் இந்த முறை விழுந்துவிடும் என்பதில்லை.

இதைப் பாகிஸ்தானில் அகுவ்வத் நிறுவனம் பெரிய அளவில் காட்டியது. 2001இல் லாஹூரில் டாக்டர் அம்ஜத் ஸாகிப் ஒரு விதவைக்கு 10,000 ரூபா கர்ழ் ஹஸன் கொடுத்துத் தொடங்கினார். கடன் கொடுக்கும் இடம் பெரும்பாலும் பள்ளிவாசல். 2021இல் அவருக்கு மக்ஸேஸே விருது கிடைத்தது. பங்களாதேஷிலேயே இஸ்லாமி வங்கி 1995 முதல், காசுக்குப் பதிலாகப் பொருளை வாங்கித் தவணை முறையில் விற்கும் கிராமத் திட்டமொன்றை நடத்தியது.

நாமோ நூர்ஜஹானிடமிருந்து எடுக்கக்கூடாததை எடுத்தோம். சுனாமிக்கும் யுத்தத்துக்கும் பிறகு கிழக்கில் முளைத்த குழுக் கடன் கம்பனிகள் ஐந்து பெண்களைச் சேர்ப்பதையும் கிழமைத் தவணையையும் மட்டும் பிரதி பண்ணின. வாழ்க்கை வரலாற்றைக் கேட்டு எழுதும் உத்தியோகத்தரை அல்ல, மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்று சத்தம் போடும் பையனைத்தான் அனுப்பின. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தும் நிலைமை மாறவில்லை. 2018இல் அரசாங்கமே தலையிட்டு, கிழக்கு உட்பட வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபா வரையான பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கடன்காரன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடு என்பது நமது மார்க்கம். கடனை எழுதிவைத்துக்கொள் என்று சொல்லும் வசனமே குர்ஆனில் மிக நீளமான வசனம். அவகாசம், எழுத்து, சாட்சி என்று எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. வாசலுக்குப் போவதற்குத்தான் ஆளில்லை.

நாம் ரமழானில் ஸகாத் கொடுப்பதைப் பாருங்கள். நானும் கொடுத்திருக்கிறேன். கடைக்கு முன்னால் வரிசை, ஆளுக்கு ஒரு சிறு நோட்டு, அஸருக்குள் முடிந்துவிடும். வந்தவர் யார், என்ன தெரியும், எது இருந்தால் அடுத்த வருடம் வராமல் இருப்பார் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

அந்த நெசவுச் சகோதரிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லையே. நோன்புப் பெருநாள் முடிந்ததும் பஸாரில் நாலு வியாபாரிகளிடம் பேசினேன். ஒருவர் சிரித்தார். மூவர் சேர்ந்தார்கள். நம்மில் எவரும் நெசவு வீடுகளுக்கு நேரே போக முடியாது என்பதால், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரைப் போகச் சொன்னோம். நமது நூர்ஜஹான் அவர்தான். அவர் இரண்டு மாதம் போய் வந்து ஐந்து பேரைச் சேர்த்துத் தந்தார். கர்ழ் ஹஸன், வட்டியில்லை, எழுத்தில் இருக்கிறது. இருவருக்கு நூல் வாங்கும் அளவுக்குக் கொடுத்தோம். கஷ்டமான கிழமையில் கட்டாவிட்டால் சத்தம் போடுவதில்லை, ஆசிரியை போய் என்ன விடயம் என்று விசாரிப்பார். இதுவரை ஒரு தரம்தான் அப்படி நடந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல். மற்ற மூவரும் காத்திருக்கிறார்கள்.

அச்சகோதரி இப்போது நூலைக் காசுக்கு வாங்குகிறார், என்னிடமே, ஆனால் இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு. சாரங்கள் எனக்கு வருவதில்லை. சென்ற கிழமை எனது கொழும்பு வாடிக்கையாளர் ஒருவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டபோது ஆளனுப்பிக் கேட்டேன். பழைய விலைக்குத் தர முடியாது காக்கா என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்ன விலைக்கே பன்னிரண்டு எடுத்தேன்.